ஒன்பதாவது நாள் நெகட்டிவ்

(இந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும், நடுவில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடின இடத்தையும் வெட்டியிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடியே.)

இன்னைக்கு ஹெட்போன் போட்டுக்கிட்டு கேளுங்க. ஹால்ல ஸ்பீக்கர்ல ஓட விடற எபிசோடு இது இல்ல.

போன வாரம் பூந்தமல்லியிலிருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். பேர் சொல்ல மாட்டேன். மூணே வரி. "அண்ணா, ஆறு நாள் ஆச்சு. காண்டம் இல்லாம. இப்போ எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தா தெரியுமா?" அதுக்கு நான் டைப் பண்ண ஆரம்பிச்சு, அது வளர்ந்து வளர்ந்து ஒரு ஸ்கிரிப்ட் அளவுக்கு வந்துடுச்சு. சரி, எபிசோடாவே பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன். இன்னொரு காரணமும் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே கேள்வியைக் கேட்டவன் நான். நான் மனுஷங்ககிட்ட கேட்கல, கூகுள்கிட்ட கேட்டேன். அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு.

நடந்ததைச் சுருக்கமா சொல்றேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி. காண்டம் கிழிஞ்சிடுச்சு. அவங்களும் நானும் ஒருத்தருக்கொருத்தர் "பரவால்ல"ன்னு சொல்லிக்கிட்டோம். பரவால்லயா இல்லையான்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. ஞாயிறு முழுக்க அம்பத்தூர் ரூம்ல படுத்துக்கிட்டு போனைத் தேய்ச்சேன். திங்கள் ஆபீஸ், ஸ்டாண்டப் மீட்டிங், "நோ பிளாக்கர்ஸ்". செவ்வாயும் அப்படியே போச்சு. அந்த வாரம் பூரா நான் தேடினது அறிகுறிகள் மட்டும்தான். தொண்டை கரகரன்னு இருக்கா, கழுத்துல நெறி கட்டியிருக்கா, தோல்ல ஏதாவது சிவந்திருக்கா. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி டார்ச் அடிச்சு நாக்கைப் பார்த்தவன் நான்.

ஒன்பதாவது நாள், திங்கள் காலைல, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கற ஒரு லேப்ல முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் புக் பண்ணேன். எச்.ஐ.வி. மட்டும் தனியா கேட்கக் கூச்சம். கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாத்துக்கும் நடுவுல அதையும் ஒளிச்சு வச்சேன். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ். கூடவே கொலஸ்ட்ரால் அதிகம்னும் இருந்தது, அதை யார் பார்த்தா? லேப்ல இருந்து போன் பண்ண பையன்கிட்ட "இது கன்ஃபர்மா?"ன்னு கேட்டேன். "நெகட்டிவ்னா நெகட்டிவ்தான் சார், ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னான். அன்னைக்கு ராத்திரி தனியா போய் பிரியாணி சாப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தன், இப்போ டாக்டர், அவன்கிட்ட ஏதோ பெரிய சாதனை மாதிரி இதைச் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்விதான். "மச்சான், எத்தனையாவது நாள் எடுத்த?"

ஒன்பது.

அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான்: "அந்த ரிப்போர்ட் சொல்றது, அந்த சனிக்கிழமைக்கு முன்னாடி நீ எப்படி இருந்தன்னுதான்டா. சனிக்கிழமை பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

இந்த எபிசோடுல நான் சொல்ல வர்றது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கான விளக்கம்தான்.

ஏன் தெரியாதுன்னு பார்ப்போம். நாம எல்லாரும் டெஸ்ட்டுன்னா ரத்தத்துல வைரஸ் இருக்கா இல்லையான்னு நேரா பார்க்கறதுன்னு நினைக்கிறோம். பெரும்பாலான எச்.ஐ.வி. டெஸ்ட்டுகள் அப்படி இல்லை. அவை பார்ப்பது வைரஸை அல்ல, வைரஸ் வந்ததற்கு உங்கள் உடல் எழுதி வைத்த குறிப்பை. நம்ம பாஷைல சொன்னா, சர்வருக்குள்ள யார் நுழைஞ்சாங்கன்னு நேரா பார்க்கறது இல்ல, லாக் ஃபைலைத் திறந்து பார்க்கறது. நுழைஞ்ச அதே நொடி லாக் எழுதப்படாது. எழுத நாள் ஆகும். அது எழுதப்படறதுக்கு முன்னாடி ஃபைலைத் திறந்தா காலியாத்தான் இருக்கும். காலியா இருக்கறதால யாரும் வரலன்னு அர்த்தம் இல்ல.

இந்த இடைவெளிக்குத்தான் 'விண்டோ பீரியட்'னு பேர். உடலுக்குள் நடப்பது ஏறக்குறைய இந்த வரிசையில். வைரஸ் உள்ளே நுழைந்த முதல் பத்து நாள் அளவுக்கு அது நுழைந்த இடத்துத் திசுக்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் எந்தக் கருவிக்கும் பிடிபடாது. அதன் பிறகு வைரஸின் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும். சில நாள் கழித்து பி24 என்ற, வைரஸின் உள் ஓட்டைச் சேர்ந்த புரதம் தெரியும். அதற்கும் பிறகுதான் நம் உடல் அதை எதிர்த்துச் செய்யும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புரதம், அளக்கக்கூடிய அளவுக்கு வரும். ஒவ்வொரு டெஸ்ட்டும் இந்த வரிசையில் ஒவ்வொரு இடத்தில் நின்று பார்க்கிறது. அதனால்தான் "எத்தனை நாள் கழிச்சு எடுக்கணும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. "எந்த டெஸ்ட்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. இந்தியாவுல எச்.ஐ.வி. முதல் தடவை கண்டுபிடிக்கப்பட்டது எங்கன்னு தெரியுமா? நம்ம சென்னைலதான், 1986-ல. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி பேராசிரியரா இருந்த சுனிதி சாலமன், தன்னோட மாணவி நிர்மலா செல்லப்பனுக்கு ஆய்வுக்கட்டுரைக்காகக் கொடுத்த வேலை அது. அப்போ பெரும்பாலானவங்க இதெல்லாம் அமெரிக்காக்காரன் வியாதி, நம்ம ஊருக்கு வராதுன்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. பாலியல் தொழில்ல இருந்த பெண்கள்கிட்ட இருந்து நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரிச்சாங்க. டெஸ்ட் பண்ற வசதி அப்போ மெட்ராஸ்ல இல்ல. வேலூர் சி.எம்.சி.ல இருந்தது. ஐஸ் பெட்டில மாதிரிகளை வச்சுக்கிட்டு, நிர்மலாவும் அவங்க கணவரும் ராத்திரி ரயில்ல காட்பாடிக்குப் போனாங்க. எலிசா டெஸ்ட் போட்டாங்க. ஆறு மாதிரிகள் மஞ்சளா மாறிச்சு.

காட்பாடி போற ரயில் எந்த வழியா போகும்? அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். தினமும் நான் லோக்கல் ட்ரெயின் பிடிக்கற அதே லைன். அந்த ஐஸ் பெட்டி நம்ம ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கு. இதைப் படிச்ச நாள்ல இருந்து ஆவடி பிளாட்பார்ம்ல நிக்கும்போது இது ஞாபகம் வராம இருக்கறதில்ல.

அன்னைக்கு வேலூர்ல போட்டது ஆன்டிபாடியைத் தேடற டெஸ்ட். இன்னைக்கும் நிறைய இடங்கள்ல போடறது அதே அடிப்படைதான். கருவி ரொம்ப முன்னேறியிருக்கு. ஆனா ஆன்டிபாடியை உண்டாக்க வேண்டியது உங்க உடம்பு. அதை அவசரப்படுத்த ஒரு வழியும் இல்ல.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். பேனா எடுத்துக்கோங்க.

முதல்ல, விரலைக் குத்தியோ கொஞ்சம் ரத்தம் எடுத்தோ கார்டுல போட்டு இருபது நிமிஷத்துல சொல்ற ரேபிட் டெஸ்ட். பெரும்பாலும் இது ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும். தொற்று இருந்தால் 23 நாளிலிருந்து 90 நாளுக்குள் இதில் தெரியும். நிறைய பேருக்கு ஒன்றரை மாதத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல 90 நாள் வேண்டும்.

அடுத்தது, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேப்பில் மெஷினில் போடும் நாலாம் தலைமுறை டெஸ்ட். ஆன்டிபாடியோடு சேர்த்து அந்த பி24 புரதத்தையும் பார்க்கும். அதனால் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கும். 18 நாளிலிருந்து 45 நாளுக்குள். 45-வது நாள் இது நெகட்டிவ் என்றால், நடுவில் வேறு சம்பவம் எதுவும் இல்லை என்றால், நிம்மதியாகத் தூங்கலாம். அதே ஆன்டிஜென் டெஸ்ட்டை விரல் நுனி ரத்தத்தில் கார்டில் போட்டால் இந்த 45 பொருந்தாது. அதற்கும் 90 நாள்தான் கணக்கு.

மூணாவது, வைரஸின் ஆர்.என்.ஏ.வையே தேடும் 'நாட்' டெஸ்ட். 10 நாளிலிருந்து 33 நாளுக்குள். விலை அதிகம். பயந்தவங்க எல்லாரும் ஓடிப்போய் எடுக்கற டெஸ்ட் இல்ல. டாக்டர் காரணத்தோட எழுதிக் கொடுத்தா எடுக்கலாம்.

இந்த எண்கள்ல சின்ன எண்ணைப் பிடிச்சுக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. "18 நாள்ல தெரியும்னு போட்டிருக்கே, நான் 20-ல எடுத்தேன், நெகட்டிவ், முடிஞ்சது"ன்னு. இல்லைங்க. சின்ன எண், சிலருக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியலாம்னு சொல்லுது. பெரிய எண்தான் ஏறக்குறைய எல்லாருக்கும் எப்போ தெரிஞ்சிருக்கும்னு சொல்லுது. பாசிட்டிவ் எப்போ வேணா வரலாம். நெகட்டிவை நம்ப மட்டும் பெரிய எண் வரைக்கும் காத்திருக்கணும்.

என்னோட ஒன்பதாவது நாள் கார்டு டெஸ்ட்டை இந்தக் கணக்குல வச்சுப் பாருங்க. எந்த டெஸ்ட்டோட சின்ன எண்ணுக்குக்கூட அது வரல. நான் பிரியாணிக்குக் கொடுத்த காசுக்காவது பிரியாணி கிடைச்சது.

அதுக்காக உடனே எடுக்கற டெஸ்ட் வீண்னு சொல்ல மாட்டேன். சம்பவம் நடந்த உடனே எடுக்கற டெஸ்ட்டுக்கு ஒரு வேலை இருக்கு. அதுக்கு முன்னாடியே தொற்று இருந்ததா இல்லையான்னு அது சொல்லும். அதை முதல் பக்கம்னு வச்சுக்கணும், கடைசிப் பக்கம்னு நினைக்கக் கூடாது.

இப்போ எனக்கு இன்னைக்கும் கோபம் வர்ற பகுதி. என் டாக்டர் நண்பன் அன்னைக்கு அடுத்ததா சொன்னது: "மூணு நாளுக்குள்ள என்கிட்ட சொல்லியிருந்தா மாத்திரை வாங்கித் தந்திருப்பேனேடா."

பெப் என்று ஒன்று இருக்கிறது. தொற்று நேர வாய்ப்பிருந்த சம்பவத்துக்குப் பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். அந்த 72 என்பது கடைசி எல்லை, குறித்த நேரம் அல்ல. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நல்லது, ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் பலன் குறையும். இப்போது அரசு வழிகாட்டுதலில் இருப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள், ஒரு நாள்கூட விடாமல். வைரஸ் நிலையாகக் குடியேறுவதற்கு முன்னாடியே அது பெருகுவதை நிறுத்துவதுதான் இதன் வேலை. அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். குடியேறிய பிறகு இந்த 28 நாள் மருந்தால் அதை வெளியேற்ற முடியாது.

ஊசி குத்திக்கொண்ட நர்ஸ், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், இவர்களுக்கு அரசு மருத்துவமனையில் இது உடனே தர வேண்டியது. மற்றவர்களுக்கு டாக்டர் சம்பவத்தைக் கேட்டு, தேவையா என்று முடிவு செய்வார். தேவையில்லை என்றும் சொல்லலாம். முத்தம், ஒரே தட்டில் சாப்பாடு, கொசு இவற்றால் எச்.ஐ.வி. வராது, அதற்கெல்லாம் பெப்பும் கிடையாது, டெஸ்ட்டும் வேண்டாம். நீங்களே கடைக்குப் போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயமும் இல்லை. சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி எல்லாம் பார்த்துத்தான் தர வேண்டும். பெப் எடுத்தவர்களுக்கு டெஸ்ட் நாள் கணக்கும் மாறும், மருந்து அந்த லாக் எழுதப்படுவதைத் தாமதப்படுத்தலாம். அவர்கள் நான் சொன்ன 45, 90-ஐ விட்டுவிட்டு டாக்டர் எழுதித் தரும் தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரிக்கும் செவ்வாய் ராத்திரிக்கும் நடுவுல எனக்கு அந்த 72 மணி நேரம் இருந்தது. என் ரூம்ல இருந்து கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜுக்கு பைக்ல முக்கால் மணி நேரம் கூட ஆகாது. அங்க கூட்டு மருந்து சிகிச்சை மையமே இருக்கு. நான் நாக்குல டார்ச் அடிச்சுக்கிட்டிருந்தேன். கூச்சத்தால போகலன்னு சொன்னாலாவது ஒரு நியாயம் இருக்கும். இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியல. நாலு வருஷம் இன்ஜினியரிங், டெட்லைன்லயே வாழற வேலை. என் வாழ்க்கைல நிஜமா முக்கியமான ஒரு டெட்லைன் எனக்குத் தெரியாமலே போயிடுச்சு.

ராத்திரி பதினொரு மணிக்கு இப்படி ஆனா என்ன பண்றது? 1097. தேசிய எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் இல்ல, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். இல்லன்னா நேரா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு. காலைல பார்த்துக்கலாம்னு தூங்காதீங்க.

சரி, கதைக்கு வர்றேன். எனக்கு மாத்திரைக்கான நேரம் போயிடுச்சு. காத்திருக்கறது மட்டும்தான் மிச்சம். அந்தக் காத்திருப்புலதான் உண்மையான சிக்கல் வந்தது.

இருபத்து நாலாவது நாள். செவ்வாய்க்கிழமை. மாமாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்ல அத்தை போட்டாங்க: "ரத்தம் நாலு யூனிட் வேணுமாம். பசங்க எல்லாம் வந்துடுங்க." எனக்கும் மாமாவுக்கும் ஒரே குரூப், பி பாசிட்டிவ். என் ஸ்கூல் ஃபீஸ் மூணு வருஷம் கட்டினவர் அவர். குரூப்ல எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. என் பேரைப் போட்டு அத்தை தனியா ஒரு மெசேஜ்: "நீ கண்டிப்பா வரணும்."

முதல்ல எனக்குத் தோணினதை மறைக்காம சொல்றேன். "கொடுத்துடலாம். எப்படியும் பிளட் பேங்க்ல டெஸ்ட் பண்ணுவாங்க. இருந்தா அவங்களே தூக்கிப் போட்டுடுவாங்க, எனக்கும் ரிசல்ட் தெரிஞ்சுடும்." பாருங்க, எவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருக்கு. நிறைய பேர் இப்படி யோசிக்கறாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது.

இதுல ஓட்டை எங்க இருக்குன்னு உங்களுக்கு இப்போ தெரியும். தானமாக வரும் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனை கட்டாயம்தான். ஆனால் அங்கே இருப்பதும் மேலே சொன்ன அதே டெஸ்ட்டுகள். அதே விண்டோ. இருபத்து நாலாவது நாளில் என் ரத்தம் நெகட்டிவ் என்று தாண்டிப் போய், மாமா உடம்பில் ஏறியிருக்க முடியும். என் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி நான் ஏமாந்தால் அது என்னோடு போகும். ரத்தப் பையை நம்பி ஏமாறுவது ஆபரேஷன் டேபிளில் மயக்கத்தில் கிடப்பவர்.

2018 டிசம்பர் மாதம் சாத்தூரில் நடந்தது ஞாபகம் இருக்கா? ரத்தசோகைக்காக அரசு மருத்துவமனைக்குப் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்த ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்தது இருபது வயதுகூட நிரம்பாத ஒரு இளைஞர், உறவினருக்காகக் கொடுத்தது. அதில் விண்டோ பீரியட் குற்றவாளி இல்லை. அந்த இளைஞர் அதற்கு இரண்டு வருஷம் முன்பு கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தது, அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த டெஸ்ட்டில்தான் அவருக்கே தெரிய வந்தது. தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குப் போய்ச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிறந்த குழந்தைக்கு தொற்று இல்லை, மருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது.

அந்தப் பையனைப் பத்தி நான் நிறைய யோசிச்சிருக்கேன். தப்பு நடந்த அந்தச் சங்கிலில, தெரிஞ்ச உடனே நேர்மையா நடந்துக்கிட்டவர் அவர். அவர்கூட உக்காந்து "தம்பி, இது மாத்திரை போட்டுக்கிட்டு வாழற விஷயம்"னு சொல்ல அந்த நேரத்துல பக்கத்துல சரியான ஆள் இல்லாம போயிடுச்சு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ரத்தம் கொடுக்கல. "ஆன்டிபயாடிக் சாப்பிடறேன் அத்தை, எடுத்துக்க மாட்டாங்க"ன்னு பொய் சொன்னேன். அத்தை என் முகத்தைப் பார்த்தாங்க. "ஊர்ல இருக்கறவனெல்லாம் வந்து குடுக்கறான்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. வேற ரெண்டு பசங்களும் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரும் கொடுத்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அத்தைக்கு இன்னைக்கும் என்மேல அந்த வருத்தம் இருக்கு. இருக்கட்டும்.

நடுவுல முப்பதாவது நாள் வாக்குல எனக்குக் காய்ச்சல் வேற வந்தது. அக்டோபர், மழை. எங்க தெருவுல பாதிப் பேருக்குக் காய்ச்சல். எச்.ஐ.வி. நுழைந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு வருவது உண்மை. வராமல் போவதும் உண்டு. வந்தாலும் அது டெங்குவா, சாதாரண வைரல் காய்ச்சலா, வெறும் பயமா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அறிகுறியை வைத்து "இருக்கு" என்றும் முடிவு செய்யாதீர்கள், அறிகுறி இல்லை என்பதை வைத்து "இல்லை" என்றும் முடிவு செய்யாதீர்கள். எனக்கு அது ஃப்ளூ. நாலு நாள்ல போச்சு. அந்த நாலு நாளும் நான் உயில் எழுதாத குறைதான்.

நாப்பத்தஞ்சாவது நாளுக்கு ரெண்டு லேப்புக்கு போன் பண்ணி "நாலாம் தலைமுறை டெஸ்ட்டா?"ன்னு கேட்டேன். ஒரு இடத்துல "எச்.ஐ.வி. டெஸ்ட்னா எச்.ஐ.வி. டெஸ்ட்தான் சார்"னாங்க. இன்னொரு இடத்துல ஹோல்டுல போட்டு மறந்துட்டாங்க. நீங்க கேட்கும்போது "ஆன்டிஜென், ஆன்டிபாடி ரெண்டும் பார்க்குமா, மெஷின்ல போடறதா கார்டா"ன்னு கேளுங்க. அதுக்கு நேரா பதில் சொல்ற லேப்புக்குப் போங்க.

நான் போனது அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு. அந்தப் பேர் போட்ட போர்டை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, என்னன்னு தெரியாம கடந்திருப்பீங்க. அதுதான் இலவசமா எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஆலோசனையும் தர்ற இடம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூணுலயும் அரசு மருத்துவமனை இருக்கு. பக்கத்துல மையம் எங்க, எத்தனை மணி வரைக்கும்னு 1097-லயே கேட்டுக்கலாம்.

நான் எதிர்பார்த்தது அதட்டல். இருந்தது ஒரு சின்ன ரூம், ஒரு டேபிள் ஃபேன், ஒரு கவுன்சிலர் அக்கா. கதவைச் சாத்திட்டு, "எத்தனை நாள் ஆச்சு தம்பி?"ன்னு கேட்டாங்க. யார்கூட, ஏன், கல்யாணம் ஆச்சான்னு எல்லாம் ஆரம்பிக்கல. நாள்தான் முதல் கேள்வி. அப்புறம் என்ன மாதிரி டெஸ்ட், ரிசல்ட் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது எல்லாம் சொல்லி, சம்மதம் கேட்டாங்க. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாங்க, அதை நான் மறக்கவே மாட்டேன்: "பாசிட்டிவ்னு வந்தா இன்னைக்கு சாயங்காலம் என்ன பண்ணுவீங்க? யார்கூட இருப்பீங்க?" எந்த லேப் ஆப்பும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல.

இந்தச் சம்மதம், ரகசியம் ரெண்டும் அவங்க நல்ல மனசு மட்டும் இல்லைங்க, சட்டம். 2017-ல நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்கவும் கூடாது. ஜாயினிங் மெடிக்கல்ல சத்தமில்லாம இதைச் சேர்த்திருந்தா கேள்வி கேட்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

ரிசல்ட் நெகட்டிவ். நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா உக்காரச் சொன்னாங்க. "இது ஆன்டிபாடி கார்டு தம்பி. இன்னைக்கு இது நல்ல செய்தி, ஆனா முழுசு இல்ல. மூணு மாசம் முடிஞ்சதும் ஒரு தடவை வந்துடுங்க. அதுவரைக்கும் காண்டம் இல்லாம வேண்டாம், ரத்தம் கொடுக்க வேண்டாம்." ரத்தம்னு சொன்னதும் எனக்குத் தொண்டை அடைச்சுது. தொண்ணூறாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, பெர்மிஷன் போட்டுட்டுப் போனேன். நெகட்டிவ். இந்த தடவை பிரியாணி சாப்பிடல. வீட்டுக்கு வந்து தூங்கினேன், சனிக்கிழமை மதியம் வரைக்கும்.

பாசிட்டிவ்னு வந்திருந்தா? முதல்ல, ஒரு கார்டுல கோடு வந்ததும் பாசிட்டிவ்னு சொல்லிட மாட்டாங்க. ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் பெரியவர்களில் சுமார் 0.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஒரு லட்சம் பேரை டெஸ்ட் எடுத்தால் 200 பேர். தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டெஸ்ட்தான். ஆனால் மிச்ச 99,800 பேரில் அரை சதவீதம், 499 பேருக்குத் தப்பாக 'இருக்கு' என்று காட்டும். கோடு விழுந்த சுமார் 700 பேரில் நிஜம் 200 தான்! அதனால்தான் வேறு வேறு அடிப்படையில் வேலை செய்யும் மூன்று டெஸ்ட் போட்டு, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப்பில் ஒரே ஒரு டெஸ்ட்டில் 'ரியாக்டிவ்' என்று வந்தால், இடிந்து உட்காராமல் நேராக நம்பிக்கை மையத்துக்குப் போங்கள்.

மூணும் பாசிட்டிவ்னா, மருந்து. 2004 ஏப்ரல்ல அரசு கூட்டு மருந்தை இலவசமா தர ஆரம்பிச்சப்போ, முதல் மையங்கள்ல ஒண்ணு நம்ம தாம்பரம் சானடோரியம். அதுக்கு முன்னாடி அங்க வந்தவங்க நிறைய பேர் சாகறதுக்குன்னே வந்தவங்க. இன்னைக்குத் தினம் ஒரு மாத்திரை, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குப் பரவாது. பயத்தால டெஸ்ட்டைத் தள்ளிப்போடறவங்க இழக்கறது இந்த மருந்தோட ஆரம்ப வருஷங்களைத்தான். இன்னொண்ணு, போற போக்குல சொல்லிடறேன்: அதே நாள்ல சிபிலிஸும் ஹெபடைட்டிஸ் பி-யும் பார்க்கச் சொல்லுங்க. நாம எச்.ஐ.வி. பயத்துல அதுங்களை மறந்துடறோம்.

பூந்தமல்லித் தம்பிக்கு நான் எழுதினது இதுதான். ஆறு நாள் ஆயிடுச்சு, அதனால பெப்புக்கு நேரம் தாண்டிடுச்சு, அதை நினைச்சு உங்களைத் திட்டிக்காதீங்க. இந்த வாரமே நம்பிக்கை மையத்துக்குப் போய் ஒரு டெஸ்ட் எடுங்க, அது பழைய கணக்கு. லேப்ல மெஷின் டெஸ்ட் எடுக்கறதா இருந்தா 45-வது நாள். கார்டு டெஸ்ட்னா 90. ரெண்டு தேதியையும் இப்பவே போன்ல போட்டுடுங்க. அதுவரைக்கும் காண்டம், ரத்த தானம் கிடையாது. கூகுள்ல அறிகுறி தேடறதும் கிடையாது.

நேத்து ராத்திரி பதில் வந்தது. "போட்டுட்டேன் அண்ணா. 45-வது நாள் என் தங்கச்சி வளைகாப்பு. காலைல டெஸ்ட் குடுத்துட்டுப் போயிடறேன்."